செம்பருத்தியும் அதன் விதையும்

கிணற்றடியிலும் வேலியோரத்திலும் கோயில் நந்தவனத்திலும் ஆண்டு முழுவதும் பூத்து நிற்கும் செம்பருத்தியைப்போல் நம் ஜனங்களுக்குப் பழக்கமான பூச்செடிகள் மிகச் சிலவே உண்டு. ஆயினும் அச்செடியின் காயையோ விதையையோ கண்ணால் கண்டதுண்டா என்று வினவினால், தோட்ட வேலையிலேயே ஆயுளைக் கழித்த முதியவர்களிலும் பலர் இல்லையென்றே விடை கூறுவர். வெண்டைக்கு விதை உண்டு. பருத்திக்கு விதை உண்டு. பூவரசங்காயைச் சிறுவர்கள் பம்பரமாகச் சுற்றி விளையாடுவதும் உண்டு. இவையெல்லாம் செம்பருத்தியின் குடும்பத்தைச் சேர்ந்தவையே. அங்ஙனமிருக்க, செம்பருத்தி மட்டும் விதையின்றி ஊரெங்கும் பரவியது எவ்வாறு என்னும் கேள்வியும், வீட்டில் அதை விதையிட்டு வளர்க்க இயலுமா, இயன்றால் அதனால் விளையும் பயன் யாது என்னும் கேள்வியும் தோட்டப் பிரியர்களிடையே அடிக்கடி எழுகின்றன. இவற்றுக்குச் சொல்லப்படும் விடைகளில் உண்மையும் ஊகமும் கலந்து கிடப்பதால், விஷயத்தை அடியிலிருந்து ஆராய்வது நலம்.

பரவிய விதம் யாவரும் அறிந்ததே. ஐப்பசி அடைமழை தொடங்கும் சமயத்தில், அண்டை வீட்டுச் செடியில் பென்சில் பருமனுள்ள முற்றிய கிளையொன்றை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி வந்து, அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, ஈரமண்ணில் சற்றுச் சாய்வாக ஊன்றிவிட்டால், சில வாரங்களில் அது வேர்பிடித்துத் தளிர்விடும். எளிமையில் இம்முறைக்கு நிகர் வேறில்லை. ஆனால் இதன் விளைவு ஒன்றைப் பலர் கருதிப் பார்ப்பதில்லை. போத்து என்று வழங்கும் இக்கிளைத்துண்டிலிருந்து வளரும் செடி தாய்ச்செடியின் சந்ததியன்று. அதே செடியின் மற்றோர் உடற்பகுதியே. பாட்டி வீட்டுக் கொல்லையில் நின்ற ஐந்திதழ்ச் சிவப்புச் செம்பருத்தியும், அங்கிருந்து போத்து வாங்கிச் சென்ற சம்பந்தி வீட்டுச் செடியும், அவர்களிடமிருந்து மூன்றாம் ஊருக்குப் போன செடியும், தாவர சாஸ்திரத்தின் கணக்கில் ஒரே தனிச்செடிதான். நம் தெருக்களில் ஆயிரக்கணக்கில் செம்பருத்திகள் நின்றாலும், உண்மையில் விரல்விட்டு எண்ணத்தக்க சில பழஞ்செடிகளின் துண்டுகளே அங்ஙனம் ஊரெங்கும் நிற்கின்றன என்று கருத இடமுண்டு. விதையைப் பற்றிய ஆராய்ச்சி முக்கியத்துவம் பெறுவது இவ்விடத்தில்தான். ஏனெனில் புதியதொரு செம்பருத்தி இவ்வுலகில் தோன்றுவதற்கு அநேகமாக விதை ஒன்றே வழி.

இச்செடியின் பூர்வீகமும் விசித்திரமானது. லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டில் வெளியிட்ட தாவர நூலில் இதற்குச் சீன தேசத்து ரோஜா என்று பொருள்படும் லத்தீன் பெயரைச் சூட்டினார். அதற்கு ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டுக்கு முன்னரே, மலையாளக் கரையில் டச்சுக்காரரின் ஆளுநராக இருந்த வான் ரீடின் பெருமுயற்சியால் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சாகி வெளிவந்த ‘ஹோர்டஸ் மலபாரிகஸ்’ என்னும் நூலில், அந்நாட்டு மக்கள் வழங்கிய பெயரோடு செம்பருத்தி இடம்பெற்றிருந்தது. எனினும் சீனத்திலோ மலையாளத்திலோ வேறெங்கேனுமோ, மனிதர் கைபடாத காட்டில் இச்செடி தானாக முளைத்து வளர்கிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. அதன் நெருங்கிய உறவினங்கள் பசிபிக் தீவுகளிலும், மொரீஷியஸ் முதலிய இந்துமகா சமுத்திரத் தீவுகளிலும், கிழக்கு ஆப்பிரிக்காவிலும் வளர்கின்றன. பசிபிக் தீவுவாசிகள் பண்டைக் காலத்தில் தங்கள் தீவுகளிலிருந்த இரண்டு இனங்களை அருகருகே நட்டதனால் பிறந்த கலப்புச் சந்ததியே நம் செம்பருத்தி என்று அண்மைக் கால ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர். எவ்வாறாயினும், பன்னெடுங்காலமாக மனிதனுடைய கையை நம்பியே தேசாந்தரம் சென்ற செடி இது என்பதில் ஐயமில்லை.

அந்த உறவினங்களில் பலவற்றோடு செம்பருத்தி கலந்து காய்க்க வல்லது என்பதைக் கண்டறிந்தவர்கள் புதிய வர்ணங்களைப் படைக்கத் தொடங்கினர். மொரீஷியஸில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சார்ல்ஸ் டெல்ஃபேர் என்பவர் அத்தீவுக்கே உரிய ஓர் இனத்தோடு செம்பருத்தியைக் கலந்தார். பின்னர் ஹவாய்த் தீவுகளில் இக்கலை ஒரு பெரிய ஆர்வமாகவே பரவிற்று. ஹொனலூலுவில் வாழ்ந்த ஜெரிட் வைல்டர் போன்றோர், தீவின் காட்டு இனங்களையும் வெளிநாட்டிலிருந்து வந்த வகைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து எண்ணற்ற புது வகைகளை உண்டாக்கினர். 1923-இல் அப்பிரதேசம் செம்பருத்தியையே தன் மலராக ஏற்றுக்கொண்டது. 1950-இல் அமெரிக்காவில் செம்பருத்தி வளர்ப்போருக்கென்றே தனிச் சங்கம் அமைந்தது. நம் நாட்டில் பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இத்துறையில் பாராட்டத்தக்க பணி செய்து, பல புது வகைகளை வெளியிட்டிருக்கிறது. இன்று நர்சரிகளில் ஒட்டுச்செடியாக விற்கப்படுகின்ற மஞ்சளும் ஊதாவும் காவியும் கலந்த, உள்ளங்கையினும் பெரிதாக விரிகின்ற பூக்களில் பெரும்பாலானவை, எங்கோ ஒருவர் ஒரு விதையை ஊன்றிப் பொறுமையோடு காத்திருந்ததன் பயன் என்பதை வாங்குவோர் நினைவில் வைப்பது நன்று.

இனி, நம் வீட்டுச் செடி காய்க்காததன் காரணத்தைப் பார்ப்போம். அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத்தைத் தாங்க வேண்டிய கேசரங்களே இதழ்களாக மாறிவிடுவதால், மகரந்தம் மிகக் குறைவாகவோ அறவே இல்லாமலோ போய்விடுகிறது. ஒற்றையடுக்குப் பூவில் மகரந்தம் தாராளமாக இருந்தும், தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத இயல்பு பல வகைகளில் காணப்படுகிறது. அக்கம்பக்கத்திலுள்ள செடிகளும் அதே போத்தின் துண்டுகளாதலால், அவற்றின் மகரந்தமும் தன் மகரந்தமே ஆகிவிடுகிறது. மேலும், வகைக்கு வகை குரோமோசோம்களின் எண்ணிக்கை பெரிதும் வேறுபடுவதால், இரண்டு வேறு செடிகளைச் சேர்த்தபோதும் கரு நிலைக்கும் என்று நிச்சயமாகச் சொல்வதற்கில்லை. தேன்சிட்டு வருகிறதே, அது மகரந்தத்தைக் கொண்டு சேர்க்காதா என்று கேட்கலாம். அச்சிறு பறவை பல சமயங்களில் பூவின் வாய் வழியாக நுழையாமல், புல்லிவட்டத்தின் அருகே அடிப்புறத்தை அலகால் துளைத்துத் தேனை உறிஞ்சிவிட்டுப் போவதை எவரும் தம் தோட்டத்திலேயே காணலாம். சூல்முடிக்கு அதனால் யாதொரு பயனும் இல்லை. ஆகவே செம்பருத்தி மலடு என்னும் பொதுவான அபிப்பிராயம் சரியன்று. தகுந்த துணை அமைந்தால் காய்க்கும் வகைகள் பல உண்டு. அத்துணையைத் தேடித் தருவது மட்டும் மனிதன் பொறுப்பாகிறது.

அந்தப் பொறுப்பை நிறைவேற்ற, பூவைச் சற்று நெருங்கி நின்று நோக்க வேண்டும். இதழ்களின் நடுவிலிருந்து ஒரு நீண்ட தண்டு புறப்பட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் மேற்பாதியைச் சுற்றிலும் நுண்ணிய காம்புகளில் மஞ்சள் பொடி தாங்கிய பைகள் நிறைந்திருக்கின்றன. தண்டின் நுனியோ ஐந்து கிளைகளாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையின் தலையிலும் வெல்வெட்டுப் போன்ற சிறு சிவப்புப் பொட்டொன்றை ஏந்தி நிற்கிறது. மஞ்சள் பொடி ஆண் பாகம். ஐந்து பொட்டுகள் பெண் பாகம். பூ காலையில் விரிந்து, பெரும்பாலான வகைகளில் அன்று மாலையே குவிந்துவிடுமாதலால், காரியத்தைக் காலை வெயில் ஏறி மகரந்தப் பைகள் வெடித்த பின், உச்சி வேளைக்கு முன் முடித்துவிட வேண்டும். தந்தையாகத் தேர்ந்த பூவைக் கொய்து வந்து, அதன் தண்டைப் பிடித்து, தாயாகத் தேர்ந்த பூவின் ஐந்து பொட்டுகளிலும் மெல்லத் தடவினாலே போதும். மென்மையான தூரிகை இருந்தால் இன்னும் சௌகரியம். மகரந்த மணிகள் பெரியவையாதலால், ஒட்டியதா இல்லையா என்பது வெறுங்கண்ணுக்கே தெரியும். பின்னர் தாய்ப்பூவின் காம்பில் நிற நூலொன்றைக் கட்டி, இரு பெற்றோரின் பெயரையும் நாளையும் குறித்த சீட்டைத் தொங்கவிடுவது அவசியம். குறிப்பு எழுதாமல் செய்த சேர்க்கை, நல்ல சந்ததியைத் தந்தபோதும், அதை மறுபடி செய்ய வழியில்லாமல் ஆக்கிவிடும்.

காலநிலையும் இதில் பெரிதும் சம்பந்தப்பட்டது. கோடை உஷ்ணத்தில் செய்த சேர்க்கைகளில் பெரும்பாலானவை சில நாட்களிலேயே காம்பின் மூட்டோடு உதிர்ந்துவிடும். நம் சமவெளிகளில் மார்கழியும் தையும் மாசியின் முற்பகுதியுமே இதற்கு உகந்த காலம் என்பது என் அபிப்பிராயம். இலங்கையில் செவ்வரத்தை என்று வழங்கும் இதே செடியை அங்குள்ள மலைநாட்டின் இதமான குளிர்ச்சியில் வளர்ப்போருக்கு இவ்விஷயத்தில் இன்னும் நெடிய பருவம் வாய்க்கும். இதழ் உதிர்ந்த பின்னும் புல்லிவட்டம் பசுமை மாறாமல் நின்று, அதனுள் சிறு காய் திரளத் தொடங்கினால், சேர்க்கை பலித்தது என்று கொள்ளலாம். காய் முற்றிப் பழுப்பேற 45 முதல் 60 நாட்கள் வரை ஆகும். சில வகைகளில் இன்னும் தாமதமாவதுண்டு. இக்காலத்தில் இரண்டு அபாயங்கள் உண்டு. முதலாவது, பருத்திக் காய்களில் மொய்க்கும் சிவப்பு நாவாய்ப்பூச்சி; பருத்திக் குடும்பத்து விதைகளின் சாறே அதற்கு ஆகாரமாதலால், செம்பருத்திக் காயையும் அது விடுவதில்லை. இரண்டாவது, காய் முற்றியதும் ஐந்து பிளவாக வெடித்து விதைகளைச் சிந்திவிடுவது. பழுப்பு நிறம் படரத் தொடங்கியவுடன் மெல்லிய துணிப்பையொன்றைக் காயின்மேல் கட்டிவிட்டால், இவ்விரண்டுக்கும் பரிகாரமாகும். ஒரு காயில் ஐந்தாறு விதைகள் மட்டுமே இருப்பதும் உண்டு. இருபதுக்கு மேல் இருப்பதும் உண்டு.

விதை வெண்டை விதையினும் சற்றுச் சிறியதாய், சிறுநீரக வடிவில், பழுப்பு நிறத்தில், சிலவற்றில் மேலே மெல்லிய ரோமம் படர்ந்து காணப்படும். அதன் மேலுறை கடினமானது. நீர் புகவொட்டாமல் காப்பது. உலர்ந்த விதையை அப்படியே மண்ணில் புதைத்தால், ஒன்று அடுத்த வாரம் முளைக்கும், மற்றொன்று மூன்று மாதம் கழித்து முளைக்கும், வேறொன்று முளைக்காமலே மக்கிப்போகும். இக்குறையைப் போக்கப் பலரும் பலவகை உபாயங்கள் கூறுகின்றனர். கொதிநீரில் முக்கி எடுத்தல் என்பது கருவையே வேகவைத்துவிடும் முறையாதலால், அரிதாகக் கிடைத்த இவ்விதைகளில் அதைப் பரீட்சிப்பது தகாது. நீரில் மிதப்பவை பதர், அமிழ்பவை மணி என்று நெல்லுக்குச் சொல்லும் விதியும் இங்கே முழுதும் பொருந்தாது. விதையின் ரோமத்தில் காற்று தங்கி, நல்ல விதையையும் மிதக்கச் செய்யும். மேலுறையை மட்டும் ஓரிடத்தில் சிறிதளவு கீறிவிட்டு ஊறவைப்பதே நம்பத்தக்க முறை. விதையின் ஒரு முனை கூர்மையாகவும், எதிர்ப்புறம் உருண்டையாகவும் இருக்கும். கூர்முனைப் பக்கத்தில் முளைவேர் அடங்கியிருப்பதால் அதைத் தொடலாகாது. உருண்ட முதுகுப்புறத்தில், நகவெட்டியின் நுனியாலோ உப்புத்தாளாலோ, உள்ளேயிருக்கும் வெண்மை ஊசிமுனையளவு தெரியும்வரை மேலுறையை நீக்க வேண்டும். பிறகு வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு ஊறவைத்தால், காலையில் விதை பருத்து மென்மையாகியிருக்கும். பருக்காத விதையை மீண்டும் சிறிது கீறி மறுபடி ஊறவைக்கலாம். ஊறியதைத் தாமதமின்றி விதைத்துவிட வேண்டும்.

மண்ணைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீர் தேங்காத கலவை எதுவாயினும் ஏற்கும். செம்மண், ஆற்றுமணல், நன்கு மக்கிய தொழுவுரம் மூன்றையும் சம பங்காகக் கலப்பது பழைய வழக்கம். இக்காலத்தில் மாடித் தோட்டக்காரர்கள் பயன்படுத்தும் தென்னை நார்க்கழிவு இலேசானது, ஆயினும் அதிலுள்ள உப்புச்சத்து நீங்க இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்த பின்பே சேர்க்க வேண்டும். ஒரு விதைக்கு ஒரு சிறு கோப்பை என்று தனித்தனியே இடுவது உத்தமம். ஒரே தட்டில் விதைத்துப் பின்பு பிரிக்கும்போது வேர் அறுந்து நாற்று வாடும். அரை முதல் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் விதையை வைத்து, மேலே மணல் தூவி, 25 முதல் 30 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணமுள்ள, நேர் வெயில் படாத இடத்தில் வைத்தால், 3 நாள் முதல் இரண்டு வாரத்துக்குள் முளை தோன்றும்.

முளைக்கும் காட்சி காணத்தக்கது. முதலில் வெளிறிய தண்டு வளைந்து மண்ணைப் பிளந்து எழும். அடுத்த நாள் அது நிமிர்கையில், பிளந்த விதையுறையைத் தலைப்பாகையைப்போல் சுமந்துகொண்டு நிற்கும். பின்னர் இரண்டு வித்திலைகளும் விரிகையில் அவ்வுறை தானே கழன்று விழும். விழாமல் இறுகிக்கொண்டால், ஒரு துளி நீர் விட்டுச் சிறிது நேரம் ஊறிய பின் விரல்நுனியால் தளர்த்தி எடுக்கலாமேயன்றி, அவசரப்பட்டு இழுத்தால் வித்திலைகளும் கூடவே கிழிந்துவரும். இந்தப் பருவத்தில் நாற்றுகளைக் கொல்வது பெரும்பாலும் வறட்சியன்று, வளர்ப்பவரின் மிதமிஞ்சிய அன்பே. மாலையில் வார்த்த நீர் இரவெல்லாம் மேல்மண்ணில் தங்கினால், தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் கருத்துச் சுருங்கி, காலையில் நாற்று படுத்துவிடும். விவசாயிகள் நாற்றழுகல் என்று கூறும் ரோகம் இதுவே. வந்த பின் இதற்குச் சிகிச்சையில்லை. காலையில் மட்டும் நீர் விடுதல், கோப்பையின் அடியிலிருந்து நீர் ஏறும்படி தட்டில் வைத்தல், காற்றோட்டம் தருதல், வேளாண்மை அலுவலகங்களிலும் கடைகளிலும் கிடைக்கும் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சாணத்தைக் கலவையில் முன்னதாகவே சேர்த்தல் ஆகியவை காப்பு முறைகள். நான்கு முதல் ஆறு இலைகள் தோன்றியதும் பெரிய தொட்டிக்கு மாற்றி, இளவெயிலில் தொடங்கி, சிறிது சிறிதாக முழு வெயிலுக்குப் பழக்க வேண்டும். நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேர வெயிலாவது கிடையாத இடத்தில் செடி வளருமே தவிர, பூப்பதில் சோம்பும். மாவுப்பூச்சி அண்டினால் தொடக்கத்திலேயே நீரைப் பீச்சிக் கழுவி, வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பது போதுமானது.

இதன்பின் வேண்டுவது காத்திருக்கும் சக்தி. போத்திலிருந்து வந்த செடி சில மாதங்களிலேயே பூத்துவிடும். விதையிலிருந்து வந்ததோ முதற்பூவைக் காட்ட ஒன்பது மாதம் முதல் ஒன்றரை ஆண்டு வரை, சில சமயம் அதற்கு மேலும் எடுத்துக்கொள்ளும். அதற்கு முன் கிளைகளைக் கத்தரித்தால் பூப்பு இன்னும் தள்ளிப்போகும். முதற்பூவைக் கண்டவுடன் தீர்ப்புக் கூறுவதும் தவறு; அது அளவில் சிறுத்தும், வர்ணத்தில் மங்கியும் இருக்கலாம். செடி ஒரு மழையும் ஒரு கோடையும் கண்ட பின்னரே அதன் குணாதிசயம் நிலைபெறும். ஒரே காயின் விதைகளிலிருந்து வந்த நாற்றுகளை வரிசையாக வைத்துப் பார்ப்போருக்கு, ஒன்றைப்போல் ஒன்று இல்லாமையே பெரிய விநோதமாகத் தோன்றும். ஒன்று குட்டையாய்ப் படரும், மற்றொன்று ஒற்றைக் கழியாய் உயரும். சிவப்புத் தாய்க்கும் மஞ்சள் தந்தைக்கும் பிறந்தவற்றுள் காவியும் இளஞ்சிவப்பும் பெற்றோர் இருவரிடமும் காணாத வேறு நிறங்களும் தோன்றும். பல தலைமுறைக் கலப்புகளின் பாரம்பரியம் ஒவ்வொரு விதையிலும் வெவ்வேறாகப் பங்கிடப்படுவதே இதன் காரணம். ஆகவே தாய்ச்செடியைப் போன்றதே வேண்டும் என்பவர் விதையை நாடுவது வீண் பிரயத்தனம். அர்ச்சனைக்கும் தலைக்கு எண்ணெய் காய்ச்சுவதற்கும் அந்தப் பழைய ஐந்திதழ்ச் சிவப்பையே விரும்புவோர், தெரிந்த செடியில் போத்து வாங்கி நடுவதே முறை.

பிறந்தவற்றுள் சிறந்தவை சிலவே இருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெரும்பாலானவை பெற்றோரைவிடச் சாதாரணமாகவே அமையும். சிலவற்றில் பூ அழகாயிருந்தும் வேர் பலவீனமாயிருக்கும். புதுக் கலப்பினங்களை நர்சரிக்காரர்கள் வலிய பழஞ்செடியின்மேல் ஒட்டுக் கட்டி விற்பதன் காரணம் அதுவே. எனவே பூவில் சோபிக்காத ஆனால் வேரில் வலுத்த நாற்றுகளை எறிந்துவிடாமல், ஒட்டுக்கட்டும் வேர்ச்செடிகளாக வைத்துக்கொள்ளலாம், வேலியிலும் நடலாம். மாடியில் நான்கைந்து தொட்டிகளுக்கு மட்டுமே இடமுள்ளவர், ஒரு காயின் விதை முழுவதையும் விதைக்காமல், சிலவற்றை மட்டும் விதைத்து, மற்றவற்றை நன்கு உலர்த்திக் காற்றுப்புகாத சிமிழில் குளிர்ச்சியான இடத்தில் வைத்து, அடுத்த ஆண்டுக்குள் பயன்படுத்துவது விவேகம். விதை புதிதாயிருக்கும்போதே முளைப்பு அதிகம்.

செம்பருத்தி இனத்தைச் சேர்ந்த வேறு சில செடிகளுக்கு மேற்கூறிய இடர்ப்பாடுகள் இல்லை. நம் சமையலறைக்குப் பழக்கமான புளிச்சைக்கீரை அவ்வினத்ததே. அதன் உறவாகிய, சிவந்த தடித்த புல்லியிதழ்களையுடைய மற்றொரு புளிச்சை, சூடானிலும் எகிப்திலும் பானமாகக் காய்ச்சிக் குடிக்கப்படுவது. இவை பெரும்பாலும் தம் மகரந்தத்தாலேயே காய்ப்பவையாதலால், விதையிலிருந்து வரும் செடி தாயைப் போலவே இருக்கும். ஆடிப்பட்டத்தில் விதைத்தால் பகற்பொழுது குறுகும் ஐப்பசி, கார்த்திகையில் பூத்துவிடும். காலையில் வெண்ணிறமாய் விரிந்து, மாலைக்குள் சிவப்பாக மாறும் சீன தேசத்துச் செம்பருத்தியும் விதையில் இலகுவாக வரும். கொரியா தேசத்தார் தங்கள் தேசிய மலராகப் போற்றும் இனமும் விதையில் முளைப்பதே, ஆயினும் அது குளிர்காலத்தை வேண்டுவதால் நம் சமவெளிக்கு ஏற்றதன்று. மலேசியா 1960-இல் தேசிய மலராக ஏற்றதோ நம்முடைய செம்பருத்தியேதான். அங்கும் போத்தே பரவலான வழி. முதன்முதலாக விதை முயற்சியில் இறங்குவோர், குறிப்பாகப் பிள்ளைகள், சிவப்புப் புளிச்சையில் தொடங்கினால் கை பழகும், ஏமாற்றமும் நேராது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் அவசியம். வானவில்லின் எல்லா வர்ணங்களிலும் படம் அச்சிட்டுச் செம்பருத்தி விதையென்று விற்கப்படும் பொட்டலங்களை நம்பி வாங்குவது உசிதமன்று. வீட்டுச் செம்பருத்தி எளிதில் காய்க்காதது, காய்த்தாலும் விதைகள் சிலவே, அவ்விதையிலிருந்து இன்ன நிறம்தான் வரும் என்று எவராலும் உறுதி கூற இயலாது என்னும் மூன்று உண்மைகளையும் அறிந்தவருக்கு, அப்படத்தின் வாக்குறுதி எத்தன்மையது என்பது விளங்கும். உள்ளே இருப்பது நல்ல விதையாகவே இருந்தாலும், அது பெரும்பாலும் வேறோர் இனத்தின் விதையாக இருக்கும். தாய்ச்செடியைக் கண்ணால் கண்ட, அல்லது நம்பிக்கைக்குரிய வளர்ப்பவரிடமிருந்து பெற்றோரின் பெயரோடு கிடைத்த விதையே விதைக்கத் தகுந்தது.

எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்க்கையில், பூவுக்காக மட்டும் செடி வளர்ப்போருக்குப் போத்தே போதும் என்பதும், விதை முறை அவர்களுக்கு வீண் காலதாமதம் என்பதும் என் துணிபு. ஆனால் ஒவ்வோர் ஊரிலும் எல்லோரும் போத்து ஒன்றையே கையாண்டு வந்தால், நம் தோட்டங்களில் அதே சில பழஞ்செடிகளின் உடல் மட்டுமே பெருகிக்கொண்டிருக்கும். அவற்றைத் தாக்க வல்ல ரோகம் ஒன்று தோன்றினால், எல்லா வேலிகளும் ஒருங்கே நோகும். நம் கடற்கரை உப்புக்காற்றையும், உள்மாவட்டங்களின் கத்திரி வெயிலையும், சுண்ணாம்பு கலந்த மண்ணையும் தாங்கி வளரும் புதுச் செம்பருத்திகள், அந்தந்த மண்ணில் விதைத்துத் தேர்ந்தெடுக்கும் வீட்டுத் தோட்டங்களிலிருந்தே எளிதில் வரக்கூடும். இது பெரிய பரிசோதனைச் சாலைகளுக்கு மட்டும் உரிய காரியமன்று. கொல்லையில் இரண்டு வேறு வகைச் செம்பருத்திகளை உடையவர்கள், வருகின்ற மார்கழியில் ஒரு நாள் காலை ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்றின் பூவில் தடவி, காம்பில் ஒரு நூலைக் கட்டி வையுங்கள். காய் கிடைத்தால் விதைத்துப் பாருங்கள். அதில் உடலுறுதியும் பூவழகும் வாய்ந்த செடியொன்று கிடைத்தால், அதற்கு ஒரு பெயரிட்டு, அதன் போத்துகளை அண்டை வீட்டாருக்கும் ஊர்க் கோயில் நந்தவனத்துக்கும் தயங்காமல் கொடுங்கள்.